கரண்ட் போன ராத்திரியிலும் அம்மா நமக்கு போன் அடிக்கணும்: வயசானவங்களுக்கு பட்டன் போன் ரெடி பண்ணிக் குடுக்குற விதம்

வீட்டுல இருக்குற அம்மாவுக்கோ பாட்டாவுக்கோ போன் வாங்கிக் குடுக்கப் போறீங்கன்னா கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயத்த யோசிச்சுப் பாருங்க. கரண்ட் இல்லாத ராத்திரி, கண்ணாடி எங்க வச்சோம்னு தெரியல, கை நடுங்குது, வீட்டுல வேற யாரும் இல்ல, அந்த நேரத்துல அவங்க தனியா அந்த போனை எடுத்து நமக்கு அடிச்சிருவாங்களா? அடிச்சிருவாங்கன்னா அதுதான் அவங்களுக்கு ஏத்த போன். இல்லன்னா எத்தனை ஆயிரம் குடுத்து வாங்கினாலும் அது அலமாரிக்குள்ள துணிக்கு நடுவுல கிடக்கும்.

இத நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எங்க அம்மாவுக்கு 74 வயசு, கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல் பக்கம் வீட்டுல தனியா இருக்காங்க, நான் நாகர்கோவில்ல, அண்ணன் மஸ்கட்ல. அண்ணன் லீவுக்கு வந்தப்போ ஆசையா ஒரு டச் போன் வாங்கிக் குடுத்துட்டுப் போனாரு. அம்மாவால போன் வந்தா எடுக்கவே முடியல, நாங்க ரெண்டு பேரும் வயசாச்சு மறந்துருது போலன்னு நினைச்சுக்கிட்டோம். ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்துல உக்காந்து பாத்தப்போதான் விஷயம் புரிஞ்சுது. அம்மா முப்பது வருஷத்துக்கு மேல அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரி ஃபேக்டரியில வேலை பாத்தவங்க, முந்திரி தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு பெருவிரல் தோல் காய்ஞ்சு தடிச்சுப் போயிருக்கு. டச் ஸ்கிரீன் நம்ம விரல் அமுக்குறதால வேலை செய்யுறது இல்ல, தோல் வழியா ஓடுற துளி மின்சாரத்த வச்சுத்தான் வேலை செய்யுது, தோல் ரொம்ப வறண்டு தடிச்சிருந்தா அதுக்கு விரல் பட்டதே தெரியாது. அம்மா அந்த பச்சை வட்டத்த இழுக்குறாங்க, அது அசையல, மறுபடி இழுக்குறாங்க, அதுக்குள்ள ரிங் நின்னுருச்சு. போனை மடியில வச்சுட்டு "எனக்க விரலு இதுக்கு ஆகாது மக்களே"ன்னாங்க. மறதியும் இல்ல ஒண்ணும் இல்ல, நாங்கதான் அந்த கையைப் பாக்காம போன் வாங்கியிருக்கோம். ரப்பர் வெட்டுறவங்க, வலை இழுக்குறவங்க, கொத்து வேலை பாத்தவங்க எல்லாருக்கும் இதே கைதான் இருக்கும், நம்ம மாவட்டத்துல எந்த வீட்டுல வேணும்னாலும் பாருங்க.

அப்பவும் நான் உடனே மாத்தல. அந்த ஐப்பசி மழையில ஒரு ராத்திரி கரண்ட் போயி அம்மா அடுக்களைப் படியில வழுக்கி விழுந்துட்டாங்க. எலும்பு முறியல, ஆனா எழும்ப முடியல. நகந்து நகந்து வந்து மேசையில இருந்த போனை எடுத்துட்டாங்க, லாக் திறக்க முடியல, ஈரக் கையில ஸ்கிரீன் தன்னால எங்கயோ போகுது. காலையில பால்காரர் வந்து குரல் குடுத்தப்புறம்தான் எனக்கு தகவல் வந்துச்சு. மறுநாளே போயி பட்டன் போன் வாங்கினேன். அதுக்கப்புறம் சொந்தக்காரங்க வீட்டுலயும் பக்கத்து வீட்டுலயுமா ஏழெட்டு பேருக்கு செட் பண்ணிக் குடுத்துட்டேன், அதுல கத்துக்கிட்டத எல்லாம் இங்க எழுதுறேன்.

மொதல்ல கடையில. அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, முடியாதுன்னா நீங்க கண்ண மூடிக்கிட்டு போனை கையில வச்சுப் பாருங்க. ஒவ்வொரு பட்டனும் தனித்தனியா விரலுக்குத் தெரியணும், எல்லாம் ஒரே பலகை மாதிரி வழவழன்னு ஒட்டி இருந்தா வேண்டாம். 5-ம் நம்பர் மேல சின்ன மேடு ஒண்ணு இருக்கும், அது இருட்டுல விரல் வழி கண்டுபிடிக்கத்தான் வச்சிருக்கு, அது நல்லா தட்டுப்படுதான்னு தடவிப் பாருங்க. பச்சை பட்டனும் சிவப்பு பட்டனும் நல்லா தள்ளி இருக்கணும், சில போன்ல நடுவுல இருக்குற பெரிய பட்டன் பக்கத்துலயே சிவப்பு இருக்கும், பேசிட்டு இருக்கும்போதே கட் ஆயிரும். டார்ச்சுக்கு தனி பட்டன் இருந்தா ரொம்ப நல்லது. நம்பர் அமுக்கும்போது அந்த நம்பர சத்தமா சொல்லுற போனும் இருக்கு, கண் புரை இருக்குறவங்களுக்கு அதை விட்டா வேற போன் பாக்கவே வேண்டாம். இன்னொண்ணு, 2003-ல வந்த நோக்கியா 1100 மாதிரி பழைய போன் ஏற்கனவே பழகினவங்கன்னா அதே மாதிரி பட்டன் வரிசை உள்ளதா பாத்து வாங்குங்க, கைக்குப் பழகினது கையிலயே இருக்கும், மூளைக்கு வேலை குறையும்.

அடுத்தது நெட்வொர்க், இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. பட்டன் போன்லயும் 2ஜி போன், 4ஜி போன்னு ரெண்டு இருக்கு, வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அதனால ஜியோ சிம்ம 2ஜி பட்டன் போன்ல போட்டா கால் போகவே போகாது. ஜியோபாரத் மாதிரி போன் ஜியோ சிம் மட்டும்தான் எடுக்கும், வேற சிம் போட்டா வேலை செய்யாது. ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) சிம்முன்னா 2ஜி போனும் ஓடும், ஆனா இப்போ புதுசா வாங்குறவங்க 4ஜி பட்டன் போனே வாங்கிருங்க, கொஞ்சம் கூட ஆகும், ஆனா குரல் தெளிவா கேக்கும். நான் முதல் தடவை வாங்கின கடையில இத ஒண்ணுமே கேக்காம 2ஜி போனைக் குடுத்துட்டாங்க, வீட்டுக்கு வந்து அம்மாவோட சிம்ம போட்டா சிக்னலே இல்ல, மறுபடி பஸ் ஏறி போயி மாத்திட்டு வந்தேன். அதனால கடையிலயே அவங்க சிம்ம போட்டு ஒரு கால் போட்டுப் பாத்துட்டுத்தான் காசு குடுக்கணும்.

பேச்சிப்பாறை, கோதையாறு மாதிரி மலைப்பக்கமோ ரப்பர் தோட்டத்துக்கு நடுவுலயோ வீடு இருந்தா எந்த சிம்முக்கு அங்க டவர் கிடைக்குதுன்னு பக்கத்து வீட்டுல கேளுங்க, டவர் மேப்ப நம்பாதீங்க. அவங்க படுக்குற கட்டில்ல உக்காந்து அந்த இடத்துல கால் போகுதான்னு பாக்கணும், முற்றத்துல நல்லா கிடைச்சு உள்ள கிடைக்கலன்னா ராத்திரிக்கு அது உதவாது.

நம்பர மட்டும் மாத்தாதீங்க. புது சிம் ஆஃபர்ல வருதேன்னு நிறைய பேர் புது நம்பர் வாங்கிக் குடுத்துருவாங்க, அப்புறம் ரேஷன் கார்டு, பேங்க், கேஸ், பென்ஷன், ஆதார் எல்லாத்துலயும் பழைய நம்பர் இருக்கும், ஓடிபி எங்கயோ போயிட்டு இருக்கும். கம்பெனி மாத்தணும்னா அதே நம்பரோட போர்ட் பண்ணுங்க. டச் போன்ல இருந்த குட்டி சிம்ம எடுத்து பட்டன் போன்ல போடும்போது சிலதுக்கு பெரிய சிம் இடம்தான் இருக்கும், அதுக்கு பிளாஸ்டிக் அடாப்டர் போட்டு செருகுவாங்க, அது உள்ள மாட்டிக்கிட்டா கம்பி வளைஞ்சுரும், பின்ன சிம் இடமே போச்சு. கொஞ்சம் சிரமம் பாக்காம சிம் கம்பெனி கடையில போயி பெரிய சிம்மாவே மாத்தி வாங்கிருங்க.

சரி, போன் கைக்கு வந்தாச்சு. இப்போ அவங்க கையில குடுக்குறதுக்கு முன்னாடி நீங்க ஒரு ரெண்டு மணி நேரம் ஒதுக்கி எல்லாத்தையும் செட் பண்ணணும், இந்த ரெண்டு மணி நேரத்த மிச்சம் பிடிக்குறவங்கதான் பின்னால ஆறு மாசம் "அம்மாவுக்கு போன் யூஸ் பண்ண தெரியல"ன்னு சொல்லிட்டுத் திரிவாங்க.

ரிங்டோன்ல இருந்து ஆரம்பிங்க. வயசாகும்போது காது மொதல்ல இழக்குறது கிறீச்னு இருக்குற மேல் சத்தத்த, அதனால பீப் பீப்னு அடிக்குற டோன் எவ்வளவு சத்தமா வச்சாலும் பக்கத்து அறையில இருந்து கேக்காது. பழைய லேண்ட்லைன் மணி மாதிரி, இல்ல கனமான குரல்ல வர்ற டோன் வைங்க. வச்சுட்டு போனை வீட்டுக்குள்ள வச்சு அவங்கள தோட்டத்துல நிக்கச் சொல்லி அடிச்சுப் பாருங்க, இதுக்கு வேற பரீட்சை கிடையாது. பட்டன் சத்தமும் ஆன்ல இருக்கட்டும், நம்ம காதுக்கு எரிச்சலா இருந்தாலும் அவங்களுக்கு அமுங்கிச்சா இல்லையான்னு சொல்லுறது அந்த சத்தம்தான். காது மெஷின் வச்சிருக்குறவங்களுக்கு 2ஜி போன்ல பேசும்போது ஸ்ஸ்ஸுன்னு ஒரு இரைச்சல் வரும், 2ஜி ஒரு நொடிக்கு 217 தடவை விட்டு விட்டு அலை அனுப்புறதால வர்ற சத்தம் அது, 4ஜி கால்ல அந்தத் தொந்தரவு இல்லாமப் போயிரும் இல்லன்னா நல்லா குறையும். காதுக்குப் பின்னால மாட்டுற மெஷின்னா மைக் மேல காது மடலுக்குப் பின்னாடி இருக்கும், போனை காது ஓட்டைக்கு நேரா வைக்காம கொஞ்சம் மேல தூக்கி அந்த மைக் கிட்ட வைக்கச் சொல்லுங்க. ஒரு பெரியவர் ரெண்டு வருஷமா போன்ல ஒண்ணும் கேக்காதுன்னு சொல்லிட்டு இருந்தாரு, ரெண்டு இஞ்ச் மேல தூக்கி வச்சதும் மக குரல் கேட்டு அப்படியே உக்காந்துட்டாரு.

அடுத்து ஸ்பீட் டயல், இதுதான் உயிர். 2-ஐ அழுத்திப் பிடிச்சா நான், 3-ஐ பிடிச்சா பக்கத்து வீட்டு மாமி, 4-ஐ பிடிச்சா ஊர்ல இருக்குற ஆட்டோக்கார அண்ணன், அம்மாவுக்கு இப்படித்தான் வச்சிருக்கேன். கவனிங்க, ரெண்டாவது ஆள் பக்கத்து வீடு, மஸ்கட்ல இருக்குற அண்ணன் இல்ல. விழுந்து கிடக்கும்போது அஞ்சு நிமிஷத்துல வர்றவங்க நம்பர்தான் முன்னால இருக்கணும், பாசத்துக்கு வரிசை போடாதீங்க. 1 பொதுவா வாய்ஸ் மெயிலுக்கு இருக்கும், அதை விட்டுருங்க. 5-ஐயும் 9-ஐயும் கூட விட்டுருங்க, ஏன்னா 2017 ஜனவரியில இருந்து இந்தியாவுல விக்குற போன்ல அவசர பட்டன் இருக்கணும்னு சட்டம், பட்டன் போன்ல 5 இல்லன்னா 9-ஐ அழுத்திப் பிடிச்சா அவசர உதவி எண் 112-க்கு கால் போகுற மாதிரி வச்சிருப்பாங்க. உங்க போன்ல அது எந்த நம்பர்னு கூட வந்த புஸ்தகத்துல பாத்து அவங்ககிட்ட சொல்லிக் குடுங்க, வீட்டு ஆள் ஒருத்தரும் எடுக்கலன்னா அதை அழுத்துங்கன்னு.

போன் புக்க சுத்தம் பண்ணுங்க. பழைய சிம்முல இருக்குற இருநூறு நம்பரும் வேண்டாம், பத்து இருபது போதும். பேர் முன்னால 1, 2, 3ன்னு போட்டு சேவ் பண்ணா நாம நினைச்ச வரிசையில நிக்கும், இல்லன்னா எழுத்து வரிசைப்படி யாரோ ஒரு பிளம்பர்தான் மேல நிப்பாரு. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிஞ்சவங்கன்னா பேர தமிழ்லயே அடிச்சு வைங்க. நம்ம நாட்டு மொபைல் நம்பர எல்லாம் +91 போட்டு சேவ் பண்ணுங்க, வெளிநாட்டு நம்பர அந்த நாட்டுக் கோடோட. ஓமன்னா +968, துபாய்ன்னா +971, சவுதின்னா +966. கோடு இல்லன்னா கால் வரும்போது பேர் வராம வெறும் நம்பர் மட்டும் வரும், அம்மா பயந்து எடுக்க மாட்டாங்க. கூடவே 108, கரண்ட் புகாருக்கு மின்னகம் 9498794987, வயசானவங்களுக்குன்னே இருக்குற உதவி எண் 14567, கேஸ் லீக்குக்கு 1906, இதெல்லாம் சேத்துருங்க. கேஸ் புக் பண்ணுற நம்பரையும் சேருங்க, இப்ப மிஸ்டு கால் குடுத்தாலே புக் ஆகுற மாதிரி இருக்கு, பட்டன் போன்ல அதை அவங்களே செய்யலாம். தன்னோட கேஸ தானே புக் பண்ணினேன்னு அம்மா சொல்லும்போது அந்தக் குரல்ல இருந்த தெளிவ நான் ரொம்ப நாளைக்கு அப்புறம் கேட்டேன்.

1909-க்கு அடிச்சு விளம்பர காலயும் மெசேஜயும் நிறுத்திருங்க, ஒரு நாளைக்கு அஞ்சு தடவை லோன் வேணுமான்னு கேட்டா அவங்க எந்த போனையும் எடுக்குறத விட்டுருவாங்க, நம்ம கால உள்பட. மெசேஜ் பெட்டிய மாசம் ஒரு தடவை நீங்களே காலி பண்ணுங்க, பட்டன் போன்ல இடம் கம்மி, நிறைஞ்சுருச்சுன்னா புது மெசேஜ் வராது, கேஸ் டெலிவரிக்கு வர்ற கோடு வராம சிலிண்டர்காரர் வாசல்ல நின்னுட்டு இருப்பாரு.

கீபேட் லாக் பத்தி ஒரு வார்த்தை. ரெண்டு பட்டன் அமுக்கி லாக் திறக்குறதுதான் நிறைய பேருக்கு முட்டுக்கட்டை. கழுத்துல கயிறு போட்டு தொங்கவிடுறவங்க, இல்ல மேசையிலயே வைக்குறவங்களுக்கு லாக்கே வேண்டாம், ஆஃப் பண்ணிருங்க. சட்டைப் பாக்கெட்டுலயோ இடுப்புலயோ செருகுறவங்களுக்கு லாக் இல்லன்னா தன்னால கால் போகும், டார்ச் எரிஞ்சு சார்ஜ் தீரும், அவங்களுக்கு மூடுற மாதிரி இருக்குற மடக்கு போன் நல்லது. திறந்தா எடுக்குது, மூடினா கட் ஆகுது, அதுக்கு மேல சொல்லிக் குடுக்க ஒண்ணும் இல்ல.

இனி கத்துக் குடுக்குறது. ஒரே நாள்ல எல்லாம் சொல்லாதீங்க. மொத நாள் எடுக்குறதும் வைக்குறதும் மட்டும், நீங்க அடுத்த அறையில போயி நின்னு பத்து தடவை அடிங்க, அவங்க பத்து தடவை எடுக்கட்டும். ரெண்டாவது நாள் 2-ஐ அழுத்திப் பிடிக்குறது. இதுல ஒரு இடத்துல எல்லாரும் தட்டுவாங்க, அமுக்கிட்டு உடனே விட்டுருவாங்க. "எவ்வளவு நேரம் ஞெக்கணும் மக்களே?"ன்னு அம்மா கேட்டாங்க, மூணு எண்ணுங்கன்னு சொன்னேன், அது சரியா வரல, ஏன்னா பதட்டத்துல மூணு வேகமா வருது. அப்புறம் "இயேசுவே ரட்சியும்னு ஒரு தடவை சொல்லி முடிக்குற வரைக்கும் விரல எடுக்காதீங்க"ன்னேன், அது பிடிச்சுக்கிச்சு. உங்க வீட்டுல முருகான்னு சொல்லுவாங்களோ பிஸ்மில்லாஹ்ன்னு சொல்லுவாங்களோ, அவங்க வாயில பயத்துல தன்னால வர்ற வார்த்தை எதுவோ அத அளவா வைங்க.

மூணாவது நாள் மிஸ்டு கால் பாக்குறது. பச்சைய ஒரு தடவை அமுக்கினா யார் யார் பேசினாங்கன்னு வரும், மறுபடி பச்சைய அமுக்கினா மேல இருக்குறவங்களுக்குப் போகும். அவ்வளவுதான் பாடம், மெசேஜ் அனுப்புறது எஃப்எம் ரேடியோ எல்லாம் அவங்களா கேட்டா சொல்லிக் குடுங்க. எங்க அம்மா ரேடியோ கேட்டுக் கத்துக்கிட்டாங்க, மெசேஜ் வேண்டாம்னுட்டாங்க, சரின்னு விட்டேன்.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்குறேன், சொல்லிக் குடுக்கும்போது அவங்க கையில இருந்து போனை பிடுங்காதீங்க. நமக்கு ரெண்டு நொடி வேலை, அவங்களுக்கு ரெண்டு நிமிஷம், அந்த ரெண்டு நிமிஷம் நாம கையக் கட்டிட்டு இருக்கணும். நாம பிடுங்கிச் செஞ்சு காட்டும்போது கத்துக்குறது நம்ம விரல்தான், அவங்க விரல் இல்ல. தப்பா அமுக்கினா என்ன ஆகும்னு ஒரு வெப்ராளம் அவங்களுக்கு எப்பவும் இருக்கும், போன் வெடிச்சுருமோ காசு போயிருமோன்னு. அதனால தப்பா எதை அமுக்கினாலும் சிவப்ப ஒரு தடவை அமுக்கினா பழைய இடத்துக்கு வந்துரும்னு மொதல்லயே காட்டிருங்க, வேணும்னே தப்பா அமுக்கச் சொல்லி திரும்ப வரச் சொல்லுங்க. அதுக்கப்புறம் பாருங்க, பயம் பாதி இறங்கிரும்.

நாம அடிக்கும்போதும் ஒரு முறை வேணும். 2019-ல டிராய், அதாவது போன் கம்பெனிகளக் கண்காணிக்குற அமைப்பு போட்ட உத்தரவுப்படி மொபைல்ல ஒரு கால் 30 நொடிதான் அடிக்கும். மூட்டு வலியோட திண்ணையில இருந்து எழும்பி உள்ள வந்து போன எடுக்க 30 நொடி பத்தாது, வந்து தொடும்போது நின்னுரும். நாங்க பேசி வச்சிருக்கோம், நான் தொடர்ந்து ரெண்டு தடவை அடிப்பேன், முதல் ரிங்குக்கு பைய எழும்பி வாங்க, ரெண்டாவது ரிங்குக்கு எடுங்கன்னு. ஓடி வந்து விழுறத விட இது மேல். தினமும் ஒரே நேரத்துல அடிங்க, எங்களுக்கு ராத்திரி ஏழரை. மஸ்கட்ல இருக்குற அண்ணனுக்கு அங்க ஒன்றரை மணி நேரம் பின்னால, சவுதி கத்தார்னா ரெண்டரை மணி நேரம் பின்னால, இத அம்மாகிட்டயும் சொல்லி வைங்க, விடியக்காலம் அஞ்சு மணிக்கு எழும்பி மகனுக்கு அடிச்சா அங்க மூணரை. வாட்ஸ்அப்புக்காக பட்டன் போன் வாங்காதீங்க, அத நம்ப முடியாது. அண்ணன் வாரம் ஒரு தடவை சாதாரண கால்ல பேசுறாரு, முகம் பாக்கணும்னா நான் போகும்போது என் போன்ல காட்டுறேன்.

சார்ஜுக்கு ஒரே இடம், ஒரே நேரம். அம்மாவுக்கு ஜெப மேசை பக்கத்துல பிளக், ராத்திரி ஜெபம் முடிச்சு படுக்கும்போது போடுறது. சார்ஜர் முனைய எந்தப் பக்கம் செருகணும்னு தெரியாம திருப்பி அமுக்கி ஓட்டைய உடைக்குறதுதான் பட்டன் போனுக்கு வர்ற முதல் சாவு, எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் போற டைப் சி போன் கிடைச்சா அதையே வாங்குங்க. பழைய மாதிரி முனைன்னா மேல வரவேண்டிய பக்கத்துல சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைங்க, போன்லயும் அதே பக்கம் ஒரு பொட்டு, பொட்டும் பொட்டும் சேரணும். குளச்சல், முட்டம் மாதிரி கடல் பக்கத்து வீடுன்னா உப்புக் காத்துல ஓட்டைக்குள்ள பச்சை பூக்கும், காய்ஞ்ச பிரஷ் வச்சு அப்பப்போ தட்டி விடுங்க, ஊதாதீங்க, வாய் ஈரம் போகும். பேட்டரி உப்பி பின் மூடி தூக்கி நின்னா அன்னைக்கே மாத்தணும், ரோட்டோரத்துல அம்பது ரூபாய்க்கு கிடைக்குற டூப்ளிகேட் வேண்டாம். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடிச்சப்போ மரமும் போஸ்டும் விழுந்து நம்ம பக்கம் பல ஊர்ல நாள்கணக்கா கரண்ட் இல்ல, டச் போன் எல்லாம் மறுநாளே செத்துப் போச்சு, டவர் கொஞ்சம் வந்தப்போ பேச முடிஞ்சது பட்டன் போன் வச்சிருந்தவங்கதான். மழை அறிவிப்பு வந்தா முழு சார்ஜ் போட்டு வைங்கன்னு ஒரு கால் போட்டுச் சொல்லிருங்க.

ரீசார்ஜ் நம்ம பொறுப்பு, அவங்ககிட்ட விடாதீங்க. நெட்டே யூஸ் பண்ணாதவங்க நெட் பேக்குக்கு காசு கட்டிட்டு இருந்தாங்க, 2024 டிசம்பர்ல டிராய் உத்தரவு போட்டப்புறம் பேச்சும் மெசேஜும் மட்டும் உள்ள பிளான் கம்பெனிகள் விடணும்னு ஆகிருச்சு, அதிகபட்சம் 365 நாள் வரைக்கும். கடையில தன்னால சொல்ல மாட்டாங்க, வாய்ஸ் மட்டும் உள்ள பிளான் எதுன்னு நீங்களே கேளுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை போட்டுட்டு முடியுற தேதிய உங்க போன்ல அலாரமா வைங்க, வீட்டுக் காலண்டர்லயும் சிவப்புல வட்டம் போடுங்க.

ஏமாத்துறவங்க பட்டன் போனுக்கும் வருவாங்க. கேஒய்சி முடிஞ்சுது, கார்டு பிளாக் ஆகுது, உங்க மகன் கேஸ்ல மாட்டிக்கிட்டான், போலீஸ் பேசுறேன், உங்கள போன்லயே கைது பண்ணிட்டோம் (டிஜிட்டல் அரெஸ்ட்), இப்படி. டிஜிட்டல் அரெஸ்ட்னு ஒண்ணு நம்ம சட்டத்துலயே இல்ல. மகன் வெளிநாட்டுல இருக்குற வீடு நம்ம மாவட்டத்துல நிறைய, அந்தப் பயத்த வச்சுத்தான் பிடிப்பாங்க. அம்மாகிட்ட நீளமா ஒண்ணும் சொல்லல, ஒரே சட்டம்தான்: போன்ல யாரு காசு, நம்பர், ஓடிபி கேட்டாலும் "என் பிள்ளைகிட்ட கேட்டுச் சொல்லுறேன்"னு சொல்லி சிவப்ப அமுக்கு, உடனே 2-ஐ அமுக்கு. மரியாதை இல்லாம போன வைக்கக் கூடாதுன்னு நினைக்குற தலைமுறை அவங்க, அதனால சொல்லிட்டு வைக்க ஒரு வாக்கியம் குடுத்தாத்தான் வைப்பாங்க. பேங்க்ல இருந்து வர்ற கால் 1600-ல தொடங்குற நம்பர்ல வரணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, பத்து இலக்க சாதா நம்பர்ல இருந்து பேங்க் மேனேஜர்னு பேசினா வைங்க. யாரோ சொன்னாங்கன்னு ஸ்டார் போட்டு எதையும் அமுக்கச் சொன்னா அமுக்கக் கூடாது, நமக்கு வர்ற கால் எல்லாம் அவங்க போனுக்குத் திரும்பிரும் (கால் ஃபார்வர்ட்), அப்படி அமுக்கிட்டாங்களோன்னு சந்தேகம் வந்தா ##002# அடிச்சா எல்லா கால் ஃபார்வர்டும் ரத்தாகும். காசு போயிருச்சுன்னா அடுத்த நிமிஷமே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடிங்க, காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க, தாமதமாக ஆக பணம் கை மாறிட்டே போகும். ஏமாந்துட்டாங்கன்னா திட்டாதீங்க, திட்டினா அடுத்த தடவை மறைச்சுருவாங்க.

*#06# அடிச்சா ஐஎம்இஐ நம்பர், அதாவது அந்த போனுக்கே உள்ள அடையாள நம்பர் வரும், அத நோட்டுல எழுதி வைங்க, போன் தொலைஞ்சா சஞ்சார் சாத்திங்குற அரசாங்க வெப்சைட் மூலமா பிளாக் பண்ண அது வேணும். பின் மூடிக்கு உள்ள ஒரு துண்டு காகிதத்துல உங்க பேரும் நம்பரும், அவங்களுக்கு சுகர் பிரஷர் இருந்தா அதுவும், சாப்பிடக் கூடாத மருந்து இருந்தா அதுவும் எழுதி வைங்க. வழியில மயங்கி விழுந்து ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு யாராவது கொண்டு போனா அந்தத் துண்டு பேசும். பின் மூடிய யாரும் திறந்து பாக்க மாட்டாங்கன்னு தோணினா வெளிய ஒட்டி மேல செல்லோடேப் போடுங்க.

கடைசியா அந்த இருட்டுப் பரீட்சைய உண்மையாவே வச்சுப் பாருங்க. நானும் அம்மாவும் ஒரு ராத்திரி எட்டு மணிக்கு மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டோம், கண்ணாடிய கழட்டி வச்சாச்சு, நான் வெளிய முற்றத்துல போயி நின்னேன். ரொம்ப நேரமாச்சு, என் போன் அடிக்கல. உள்ள போயி டார்ச் அடிச்சுப் பாத்தா அம்மா போனை தலைகீழா பிடிச்சிருக்காங்க, 2-னு நினைச்சு அமுக்கிட்டு இருந்தது அடியில இருக்குற 0-வ. பகல்ல பத்து தடவை சரியா அடிச்சவங்கதான். மறுநாள் காலையில போனோட பின்பக்கம் அடியில காயத்துக்கு ஒட்டுற துணி பிளாஸ்டர ஒரு துண்டு ஒட்டினேன், சொரசொரப்பு உள்ளங்கையில படணும், பட்டாத்தான் நேரா இருக்குன்னு அர்த்தம். அங்க இருந்து மேல போயி 5-ல இருக்குற மேட்ட தேடணும், அதுக்கு நேர் மேல இருக்குறது 2. ராத்திரி மறுபடி மெயின ஆஃப் பண்ணினோம். முற்றத்துல கிணத்துப் பக்கம் நின்னுட்டு இருந்தேன், என் போன் அடிச்சுது. எடுத்தா அம்மா குரல் போன்லயும் கேக்குது, ஜன்னல் வழியாவும் கேக்குது, "மக்களே, போயிச்சா?"